முதுமையின் காவலும் நோன்பின் எல்லையும்

கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ மொழித் தொகுப்பில் ஒரு கருத்து உண்டு. உணவின்றி இருப்பதை முதியோர் மிக எளிதில் தாங்குவர். அவர்களுக்கு அடுத்த நிலையினர் நடுவயதினர். இளைஞர் அத்துணை தாங்கார். சிறுவரோ சற்றும் தாங்கார் என்பதே அது. அரபு மருத்துவர்கள் ‘புக்ராத்’ என்றழைத்த அப்பெருமகனாரின் நூலையும், ‘ஜாலீனூஸ்’ என்று அவர்கள் வழங்கிய கேலன் அதற்கு வரைந்த விரிவுரையையும், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்துத் தந்தார். அந்நூல்களின் வழியே இக்கருத்து கிழக்கிலும் மேற்கிலும் பரவிற்று.

எனினும் கேலன் இக்கருத்தை அப்படியே விட்டுவிடவில்லை. முதுமையின் வாயிலில் நிற்போர் வேறு, தள்ளாமையின் எல்லையை எட்டியோர் வேறு எனப் பிரித்துக் காட்டிய அவர், பின்னவர்க்கு நெடும்பசி ஆகாது, சிறிது சிறிதாகப் பன்முறை உணவளித்தல் வேண்டும் என்றார். இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல் கானூன்’ பெருநூலின் முதற் பாகத்தில் முதியோரைப் பேணும் முறைக்கெனத் தனிப்பகுதி ஒன்றை வகுத்தார். அவர்களின் செரிமான வலிமையைக் கண்டறிந்து, உணவைக் குறைந்த அளவில் இரண்டு மூன்று வேளையாகப் பகுத்தளிக்க வேண்டும் என்று அதில் பணித்தார். ஆக, முதுமைக்குப் பசி மருந்தா அன்றித் தீங்கா என்னும் வினா நேற்றுப் பிறந்ததன்று.

இன்று அதே வினா புதுக்கோலம் பூண்டு வந்துள்ளது. ‘இடையிட்ட உண்ணாநிலை’ என்னும் பெயரால், நாளின் சில மணி நேரமோ வாரத்தில் சில நாட்களோ உணவைத் துறந்திருக்கும் பழக்கம் உலகெங்கும் பரவி வருகிறது. முதுமையால் தளர்ந்த நோயெதிர்ப்பு ஆற்றலை அது மீண்டும் இளமையாக்கும் என்று கூறுவோரும் பலர். நம் மேடைகளிலோ, நோன்பின் மாண்பை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்ற முழக்கத்தை அடிக்கடி கேட்கிறோம். இம்முழக்கத்தைக் கேட்கும் முதியவர் ஒருவர், மருத்துவர் தடுத்தும் மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு நோற்க முற்படுவாராயின், அங்கே வினா ஏட்டளவில் நிற்பதன்று, உயிரளவில் நிற்பது. ஆதலின், பசிக்கும் முதுமையின் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கும் உள்ள உறவை மனிதர் எவ்வாறு படிப்படியாக அறிந்துகொண்டனர் என்பதை இக்கட்டுரையில் வரலாற்று நோக்கில் காண்போம்.

பஞ்சம் கற்பித்த பாடம்

பசி நோயெதிர்ப்பு ஆற்றலை வளர்க்கும் என்ற எண்ணத்திற்கு நெடுங்காலம் முன்பே, பசி அதனை அழிக்கும் என்பதை உலகம் கண்ணீரோடு கற்றிருந்தது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மாண்டவர்களுள் உணவின்மையால் நேராக மடிந்தோரினும், மலேரியா, காலரா, பெரியம்மை முதலிய நோய்களால் மடிந்தோரே மிகுதி. உணவு மீண்டும் கிடைக்கத் தொடங்கிய 1944ஆம் ஆண்டிலும் சாவுகள் தொடர்ந்தன. வயிறு நிரம்பத் தொடங்கிய பின்னரும் உடலின் காவல் மீளவில்லை என்பதே அதன் பொருள்.

அதற்கு முந்திய ஆண்டில், வார்ஸா நகரின் யூதச் சேரியில் நாஜிகளால் அடைத்துவைக்கப்பட்டுப் பட்டினியில் வாடிய மருத்துவர்கள், தம்மைச் சூழ்ந்திருந்த பட்டினியையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டனர். இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி என்பவரின் தலைமையில் அவர்கள் எழுதிய குறிப்புகள் மறைவாக வெளியே கொண்டு செல்லப்பட்டு, 1946இல் நூலாயின. அவற்றை எழுதியோருள் பெரும்பாலோர் அந்நூலைக் காண உயிரோடு இல்லை. பசியைப் பற்றி மனித குலம் பெற்ற அறிவில் இத்தகைய குருதிக்கறையும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

பசி உடலின் எவ்வுறுப்பைத் தாக்கிக் காவலைக் குலைக்கிறது? இதற்குரிய முதற் குறிப்பு 1845ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. நெஞ்செலும்பின் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே, தைமஸ் என்னும் மென்மையான சுரப்பி ஒன்று இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாகவும், வயது ஏற ஏறச் சுருங்கியும் காணப்படும் அதன் பயன் யாதென எவரும் அறிந்திலர். ஜான் சைமன் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைப் பற்றி அவ்வாண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உணவு குன்றினால் உடலின் பிற பகுதிகளுக்கு முன்னே இச்சுரப்பி சுருங்குவதை அவர் கவனித்திருந்தார். காற்றழுத்தமானி வானிலையைக் காட்டுவதுபோல் இது உடலின் ஊட்டநிலையைக் காட்டுகிறது என்ற கருத்து அதனின்றும் எழுந்தது.

ஆயினும் அச்சுரப்பியின் பணியை உலகம் உணர மேலும் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1961இல் லண்டனில் ஆராய்ச்சி புரிந்த ஜாக் மில்லர், புதிதாய்ப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளினின்று தைமஸ் சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அக்குஞ்சுகள் நோய்த்தொற்றை எதிர்க்க வலுவற்று மெலிந்தன. வேற்று எலியின் தோலை ஒட்டவைத்தபோது, அயற்பொருள் என்று அதனை விலக்கவும் அவற்றால் இயலவில்லை. பயனற்றது எனப் பலரும் கருதியிருந்த அச்சுரப்பிதான் உடலின் காவலர்களைப் பயிற்றும் பாடிவீடு என்பது அன்று வெளியாயிற்று. அங்கே பயிற்சி பெற்று வெளிவரும் வெள்ளையணுக்களுக்கு, தைமஸ் என்ற பெயரின் முதலெழுத்தைக் கொண்டு, ‘டி’ உயிரணுக்கள் என்று பெயர் வழங்கலாயிற்று.

முதுமையின் தளர்ச்சிக்கும் இங்கேயே ஒரு விளக்கம் கிடைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தைமஸ் சுரப்பியைக் கொழுப்பு மூடுகிறது. புதிய காவலர்கள் வெளிவருவது அருகிப் போகிறது. முன்பு கண்ட பகைவரை நினைவில் வைத்திருக்கும் பழைய காவலர்கள் மட்டுமே எஞ்சுகின்றனர். முன் காணாத கிருமி ஒன்று வந்து தாக்கினால் முதியவரின் உடல் தடுமாறுகிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது முதியோரே மிகுதியாக மாண்டதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. இதனோடு மற்றொரு கேடும் சேர்கிறது. பகைவர் எவருமில்லாத போதும், முதியவர் உடலில் மெல்லிய அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப்பெயர் ஒன்றே சூட்டினார். நீறு பூத்த நெருப்பெனக் கிடந்து, குருதிக் குழாய்களையும் மூட்டுகளையும் பிற உறுப்புகளையும் சிறுகச் சிறுகப் பழுதாக்குவது அது.

எலிகள் நோற்ற நோன்பு

பசி அழிக்கும் என்பது பஞ்சத்தின் பாடமாயின், அளவறிந்த பசி காக்கவும் கூடும் என்பது ஆய்வுக்கூடத்தின் பாடம். அமெரிக்க நாட்டின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பாரும் அவர்தம் துணைவரும் எலிகளுக்கு உணவைக் குறைத்து வளர்த்தனர். ஊட்டச்சத்துக்கள் எவையும் குறையாவண்ணம், உடலுக்கு எரிபொருளாகும் கலோரியை மட்டுமே அவர்கள் குறைத்தனர். அவ்வாறு வளர்ந்த எலிகள், குறிப்பாக ஆண் எலிகள், விரும்பியவாறு தின்று வளர்ந்தவற்றினும் நெடுநாள் வாழ்ந்தன என்று 1935இல் அவர்கள் அறிவித்தனர். பஞ்சத்தில் சத்தும் கலோரியும் ஒருங்கே அற்றுப்போகின்றன. மெக்கேயின் எலிகளுக்கோ சத்து குறையவில்லை. இவ்வேறுபாடே பின்வந்த ஆராய்ச்சிகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

அதன்பின் பதினோராண்டு கழித்து, 1946இல், சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டன் கார்ல்சனும் ஃபிரெடரிக் ஹோல்ஸெலும் வேறொரு வழியை நாடினர். நாள்தோறும் உணவைக் குறைப்பதற்கு மாறாக, சில நாட்களில் உணவே அளியாமல், ஏனைய நாட்களில் விரும்பியவாறு உண்ணவிட்டனர். நான்கு நாட்களில் ஒரு நாள், மூன்று நாட்களில் ஒரு நாள், இரண்டு நாட்களில் ஒரு நாள் என மூவகையாக எலிகள் நோன்பிருந்தன. மூன்று நாட்களில் ஒரு நாள் நோன்பிருந்தவையே சிறந்த பயன் எய்தின. ஆண் எலிகளின் வாழ்நாள் ஏறத்தாழ 20 விழுக்காடும், பெண் எலிகளின் வாழ்நாள் ஏறத்தாழ 15 விழுக்காடும் கூடின. இடையிட்ட உண்ணாநிலையின் வரலாற்றில் இவ்வாய்வே முன்னோடி எனலாம். பசியைக் கூட்டக் கூட்டப் பயனும் கூடும் என்பதற்கில்லை என்பதையும், பயனுக்கு ஓர் உச்சம் உண்டு என்பதையும் அது அன்றே உணர்த்திற்று.

நோன்பின் ஆராய்ச்சியை நோயெதிர்ப்பு ஆற்றலின் ஆராய்ச்சியோடு பிணைத்த பெருமை ராய் வால்ஃபோர்டைச் சாரும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் அறிஞராக விளங்கிய அவர், முதுமையே நோயெதிர்ப்பு ஆற்றலின் சீர்குலைவுதான் என்ற கோட்பாட்டை 1969இல் நூலாக வெளியிட்டார். காவற்படை தளர்வது ஒருபுறம்; அப்படையே நிலை தடுமாறித் தன் குடிகளைத் தாக்குவது மறுபுறம்; இவ்விரண்டும் கூடியதே மூப்பு என்பது அவர் கருத்தின் சாரம். அவரும் அவர்தம் துணைவரும் உணவு குறைக்கப்பட்ட சுண்டெலிகளைச் சோதித்தபோது, வியப்புக்குரிய ஓர் உண்மை வெளிப்பட்டது. இளமையில் அவற்றின் நோயெதிர்ப்பு ஆற்றல் ஏனைய எலிகளினும் மெதுவாகவே முதிர்ந்தது. முதுமையிலோ அவற்றினும் நெடுநாள் நிலைத்து நின்றது. 1982இல் வால்ஃபோர்டும் ரிச்சர்ட் வைன்ட்ரக்கும், ஓராண்டு நிரம்பிய நடுவயதுச் சுண்டெலிகளுக்குப் படிப்படியாக உணவைக் குறைத்தும் பயன் கண்டனர். இளமையில் தொடங்கினால்தான் பலன் என்ற எண்ணம் அதனால் மாறிற்று.

வால்ஃபோர்ட் தம் கோட்பாட்டைத் தம் உடலிலும் சோதித்தவர். 1991ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஈராண்டுக் காலம், அரிஸோனாப் பாலைநிலத்தில் கண்ணாடியால் கட்டி மூடப்பட்ட ‘பயோஸ்ஃபியர் 2’ என்னும் வளாகத்தினுள் எண்மர் வாழ்ந்தனர். அவர்களுள் மருத்துவராகச் சென்ற வால்ஃபோர்டுக்கு அப்போது அகவை 67. உள்ளே விளைந்த உணவு போதாமையால் எண்மரும் அரைவயிற்றோடு வாழ நேர்ந்தது. அவர்களின் குருதியழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியன தாழ்ந்தன. அவற்றோடு வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் தாழ்ந்தது. இவ்விறுதிச் செய்தி நன்மையா, தீமையா? அழற்சி அடங்கியதன் அடையாளமா, காவல் குறைந்ததன் அடையாளமா? பின்வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இவ்வினாவைச் சுற்றியே சுழன்றன. 120 ஆண்டு வாழ்வு மனிதர்க்கு எட்டக்கூடியதே என்று எழுதிய வால்ஃபோர்ட், நரம்பு நோய் ஒன்றுக்கு ஆளாகி 2004இல் தம் 79ஆம் அகவையில் காலமானார். ஒருவரின் வாழ்நாளைக் கொண்டு ஒரு கோட்பாட்டை மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்பது முறையன்று. எனினும், மனிதனின் கணக்கு வேறு, அவனுக்கென வகுக்கப்பட்ட கணக்கு வேறு என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

நாணயத்தின் மறுபக்கம்

2005ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியா நகரினின்று வந்த ஓர் ஆய்வு அறிஞர்களைத் திடுக்குறச் செய்தது. எலிசபெத் கார்ட்னர் என்பார், நெடுங்காலம் உணவு குறைக்கப்பட்ட முதிய சுண்டெலிகளை இன்ஃபுளுவென்ஸாக் காய்ச்சலுக்கு உள்ளாக்கினார். ஏட்டுக் கணக்கின்படி அவற்றின் நோயெதிர்ப்பு ஆற்றல் இளமையோடு இருந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. வயிறார உண்ட முதிய எலிகளைக் காட்டிலும் அவையே மிகுதியாக மடிந்தன. நோய் வந்தபோது செலவிடுவதற்கு அவற்றின் உடலில் சேமிப்பு இல்லை. பகையை முதலில் எதிர்கொள்ள வேண்டிய காவலணுக்களும் வலுவிழந்திருந்தன. பின்னர் நடந்த ஓர் ஆய்வில், நோய்க்கு உள்ளாக்குமுன் இரண்டு வாரம் வயிறார உணவளித்தபோது, அக்காவலணுக்கள் பெருமளவு வலிமை மீண்டன. கிருமிகளின்றித் தூய்மையாகப் பேணப்படும் ஆய்வுக்கூடக் கூண்டில் நீண்ட ஆயுளைத் தந்த அதே பசி, நோய் நடமாடும் உலகில் ஆயுளைப் பறிக்கவும் கூடும் என்ற உண்மையை நாம் இங்கே கருத்தில் இருத்த வேண்டும்.

குரங்குகளிடமும் இத்தகைய இருமுகத் தோற்றமே காணப்பட்டது. உணவு குறைக்கப்பட்ட முதிய ரீஸஸ் குரங்குகளிடம், புதிய பகைவரை எதிர்கொள்ளத்தக்க டி உயிரணுக்கள் நன்கு பேணப்பட்டிருப்பதை 2006இல் ஓர் ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். ஈராண்டு கழித்து அதே குழுவினர் மற்றொன்றையும் அறிவித்தனர். நடுவயதில் தொடங்கிய உணவுக் குறைப்பே இப்பயனை அளித்தது. இளங்குட்டிப் பருவத்தில் தொடங்கியதும், தள்ளாத பருவத்தில் தொடங்கியதும் பயன் தரவில்லை. தீங்கின் சாயலும் தென்பட்டது. முதுமையின் வாயிலில் நிற்போரையும் அதன் எல்லையை எட்டியோரையும் கேலன் வேறு பிரித்தாரன்றோ? ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வுக்கூடமும் ஏறத்தாழ அதே கோட்டை வரைந்தது.

கிருமிகளிலும் வேறுபாடு உண்டு என்பதை 2016இல் யேல் பல்கலைக்கழகத்தின் ருஸ்லான் மெட்ஜிட்டோவ் குழுவினர் காட்டினர். பாக்டீரியாத் தொற்றுக்கு உள்ளான சுண்டெலிகளுக்கு உண்ணாமை உயிர் காத்தது. வலிந்து ஊட்டிய உணவு உயிரைப் பறித்தது. வைரஸ் காய்ச்சலுக்கு உள்ளானவற்றுக்கோ நேர் மாறாக, உணவே உயிர் காத்தது. ‘நோய்க்குப் பட்டினியே மருந்து’ என்று பொதுவாகச் சொல்லிவிடும் நம் வழக்கம் எத்துணை எச்சரிக்கையோடு கையாளத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

பசித்தலும் மீண்டும் உண்ணலும்

அவ்வாறாயின் நோன்பினால் முதியோரின் காவலுக்கு நன்மையே இல்லையா? உண்டு. அந்நன்மை எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டியதே இந்நூற்றாண்டு ஆராய்ச்சிகளின் சிறப்பு.

முதலில், மேடைகளில் வழங்கும் ஒரு செய்தியைச் சற்றே திருத்திக்கொள்வோம். ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓஸுமி நோன்பை ஆராய்ந்து 2016இல் நோபல் பரிசு பெற்றார் என்பர். அவர் ஆராய்ந்தது மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் நுண்ணுயிர்களை. ஊட்டமின்றி விடப்பட்ட அந்நுண்ணுயிர்கள், தம்முள் பழுதுற்ற பொருள்களைத் தாமே உண்டு மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் வகையையும், அதனை இயக்கும் மரபணுக்களையும் அவர் கண்டறிந்தார். அவ்வினைக்குப் பெயரிட்டவரோ பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ்; அதுவும் 1963ஆம் ஆண்டிலேயே. ஓஸுமியின் கண்டுபிடிப்பு பசியின் பயனை விளக்க உதவுகிறது என்பது மெய். ரமலான் நோன்புக்கு வழங்கப்பட்ட பரிசு அது என்பது மிகை. மெய்யைச் சொல்வதனால் நோன்பின் மாண்பு குறைவதில்லை. மிகையைச் சொல்வதனால் அது வளர்வதுமில்லை.

2014இல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வால்டர் லோங்கோ குழுவினர், சுண்டெலிகளைச் சில நாட்கள் பட்டினியிட்டுப் பின் உணவளித்து, மீண்டும் அவ்வாறே பன்முறை செய்து பார்த்தனர். பட்டினியின்போது வெள்ளையணுக்கள் குறைந்தன. உணவு மீண்டதும், எலும்பு மஜ்ஜையில் உறங்கிக் கிடந்த குருத்தணுக்கள் விழித்தெழுந்து புதிய வெள்ளையணுக்களைப் படைத்தன. முதிய எலிகளிடம் குலைந்திருந்த வெள்ளையணு வகைகளின் விகிதமும் ஓரளவு இளமைக்கு மீண்டது. பழையன கழிதல் பசியின்போதும், புதியன புகுதல் உண்ணும்போதும் நிகழ்ந்தன. நோன்பின் பயனில் நோன்பு திறத்தலுக்கும் சரிபாதிப் பங்குண்டு என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

2019ஆம் ஆண்டு இதற்கு மேலும் ஒளியூட்டிற்று. உணவு குறைந்த காலத்தில், பழைய பகைவரை நினைவில் வைத்திருக்கும் டி உயிரணுக்கள் எலும்பு மஜ்ஜைக்குச் சென்று தங்கிப் பாதுகாப்புப் பெறுவதை, அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த யாஸ்மின் பெல்கைத் குழுவினர் சுண்டெலிகளிடம் கண்டனர். பஞ்சம் வந்தபோது படைவீரர்கள் கோட்டைக்குள் ஒடுங்கிக் காலம் பார்த்திருப்பது போன்றது அது. அதே ஆண்டில் நியூயார்க் நகரில் மிரியம் மெராத் குழுவினர், ஒரு நாளுக்கும் குறைந்த உண்ணாநிலையே மனிதர் குருதியில் அழற்சியைத் தூண்டும் ஒருவகை வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். முதுமையில் ஓயாது கனலும் அழற்சியைத் தணிக்க இஃது ஒரு வழி காட்டக்கூடும்.

ஆயினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. 2023இல் ஃபிலிப் ஸ்விர்ஸ்கி குழுவினர், சுண்டெலிகளை 24 மணி நேரம் பட்டினியிட்டுப் பின் உணவளித்தபோது, மஜ்ஜையில் ஒடுங்கியிருந்த அவ்வணுக்கள் பெருவெள்ளமெனக் குருதியில் பாய்வதைக் கண்டனர். அந்நேரத்தில் பாக்டீரியாத் தொற்றுக்கு உள்ளான எலிகளின் நிலை மேலும் மோசமாயிற்று. நீண்ட பசிக்குப் பின் வரும் முதல் உணவும் உடலுக்கு ஒரு சோதனையே என்பது இதனால் தெரிகிறது.

மனிதரைப் பற்றிய உறுதியான சான்று 2022இல் கிட்டியது. உடற்பருமன் இல்லாத, 21 முதல் 50 அகவை வரையிலான ஆடவரும் பெண்டிருமாக 200க்கு மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு அது. அவர்களுள் ஒரு பகுதியினர் ஈராண்டுக் காலம் தம் உணவில் ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே குறைத்தனர். காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களின் தைமஸ் சுரப்பியில் கொழுப்பு குறைந்து, பணிபுரியும் பகுதி பெருகியிருந்தது. இதனை வெளியிட்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் விஷ்வ தீப் தீக்ஷித் குழுவினர். ஜான் சைமனின் நூல் வெளிவந்து 177 ஆண்டுகள் கழித்து, கடும்பசியால் சுருங்கும் அதே சுரப்பி மென்பசியால் தழைக்கவும் கூடும் என்பது தெளிவாயிற்று. எனினும் இரண்டை நாம் மறத்தலாகாது. இவர்கள் மேற்கொண்டது நாள்தோறும் அளவாகக் குறைத்துண்ணல், இடையிட்ட நோன்பன்று. இவர்களுள் எவரும் 70ஐக் கடந்த முதியவரல்லர்.

2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இவ்வரலாற்றுக்கு நல்லதொரு முடிப்புரையாக அமைகிறது. மரபில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட 960 பெண் சுண்டெலிகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு உணவைக் குறைத்தும், சிலவற்றை வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாட்களோ பட்டினியிட்டும், வாழ்நாள் முழுதும் கண்காணித்தனர். உணவு குறைந்தவை பொதுவில் நெடுநாள் வாழ்ந்தன. ஆனால், ஒவ்வொரு குழுவிலும் எடை மிகுதியாய் இழந்தவை நெடுநாள் வாழ்ந்தில. பசியைத் தாங்கி எடையைக் காத்துக்கொண்டவையே நெடுநாள் வாழ்ந்தன. உணவு முறையினும் பிறவி மரபே வாழ்நாளை மிகுதியாய்த் தீர்மானித்தது. ஒருவர்க்கு அமுதாவது மற்றொருவர்க்கு நஞ்சாகவும் கூடும் என்று நம் முன்னோர் அறிந்திருந்ததை எண்கள் உறுதி செய்தன.

மார்க்கம் வரைந்த எல்லை

ரமலான் நோன்பு, மேற்கூறிய எலிகளின் நோன்புகளோடு முற்றிலும் ஒப்பதன்று. இது வைகறை முதல் அந்தி வரை உணவோடு நீரையும் துறப்பது. இரவில் உண்பதற்கு இடந்தருவது. ஒரு திங்கள் அளவில் முடிவது. பகலில் விட்டதை இரவில் இருமடங்காக்கி உண்போர்க்குக் கலோரி குறைவதுமில்லை. யாவற்றினும் மேலாக, இஃது இறையச்சத்தை நாடி நோற்கப்படுவது. ஆயுளை நாடி நோற்கப்படுவதன்று. ஆதலின் ஆய்வுக்கூடத்து முடிவுகளை எடுத்து நோன்பின் மேல் ஏற்றுவது, நோன்புக்கும் முறையன்று, ஆய்வுக்கும் முறையன்று.

எனினும் ஓர் ஒப்புமை நம் கருத்தை ஈர்க்கிறது. ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கினால் அவை சொல்வது ஒன்றே. பசிக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும், உண்ணலும் அதன் பகுதியாதல் வேண்டும், தாங்குவோர்க்கே அது நன்மை, தாங்காதார்க்குத் தீமை. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் நோன்பு கடமையாக்கப்பட்டபோதே இவ்வெல்லைகள் வரையப்பட்டுவிட்டன. நோன்பு திறப்பதை விரைவுபடுத்தவும், ஸஹர் உணவைக் கைவிடாதிருக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இரவிலும் உண்ணாமல் நோன்பைத் தொடர்ந்து கொண்டுசெல்வதைத் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். உபரியான நோன்புகளுள் சிறந்ததாக, ஒரு நாள் நோற்று ஒரு நாள் விடும் நபி தாவூத் (அலை) அவர்களின் நோன்பைக் காட்டி, அதற்கு மேல் இல்லை என்று நிறுத்தினார்கள். நோயாளியும் பயணியும் பிறகு நோற்றுக்கொள்ளலாம் என்றும், நோற்க இயலாதார் ஏழைக்கு உணவளித்து ஈடு செய்யலாம் என்றும் திருமறை வழிவகுத்தது.

இவ்விறுதிச் சலுகையை நம் முதியோருள் பலர் இரண்டாந்தரமானதாகக் கருதுகின்றனர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் முதியவரும், இதய நோய்க்கு வேளை தவறாமல் மருந்துண்ணும் மூதாட்டியும், “இத்தனை ஆண்டு விடாத நோன்பை இன்றா விடுவது?” என்று பிடிவாதம் செய்வதை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம். அவர்களின் ஆர்வம் போற்றுதற்குரியது. ஆனால் அவர்கள் முன்னே எடுத்துவைக்கத்தக்க முன்மாதிரி, எலியினிடத்தும் இல்லை, குரங்கினிடத்தும் இல்லை.

பத்தாண்டுக் காலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருகிருந்து பணிவிடை செய்தவர் அனஸ் இப்னு மாலிக் (ரலி). நூறாண்டு அளவு வாழ்ந்து, ஹிஜ்ரி 93 அளவில் பஸரா நகரில் மறைந்தவர் அப்பெரியார். நோன்பின் அருமையை அவரினும் நன்கறிந்தவர் எவர் இருக்க முடியும்? முதுமை மேலிட்டு நோன்பு நோற்க இயலாமற் போனபோது அவர் மனம் வருந்தி முடங்கவில்லை, உடலை வருத்தவுமில்லை. ஓரிரு ஆண்டுகள், நோன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ஈடாக ஏழை ஒருவருக்கு ரொட்டியும் இறைச்சியும் அளித்துத் தாமும் உண்டார். நம் இல்லங்களில் உள்ள தள்ளாத முதியோர்க்கு, மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன ஆண்டில், நாம் நினைவூட்ட வேண்டிய வரலாறு இதுவே. அவர்கள் பெயரால் ஏழை ஒருவரின் பசி தீரும்போது, அவர்களின் நோன்பு குறைவுற்றதாகாது.